வாள் இன்னும் படாத குதிரைக்காரன்

பவுண்காசு ஒன்றைக் கையில் குடுத்தால் எங்கட ஆக்கள் முதலில் பார்ப்பது தலைப்பக்கம். விக்ரோறியா மகாராணியா, எட்வேட் ராசாவா, ஐந்தாம் ஜோர்ஜா என்று பார்ப்பார்கள். அடுத்தது நிறை. மற்றப் பக்கத்தை "குதிரை" என்ற ஒரு சொல்லோடு விட்டுவிடுவார்கள். திருகோணமலையில் நகைக்கடை ஒன்றில் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றபோது கடைக்காரர் சிரித்தார். "உதில பாக்க என்ன இருக்கு தம்பி? குதிரை எல்லாக் காசிலயும் ஒண்டுதான்."

ஒன்றில்லை. அதைத்தான் இந்தப் பதிவில் எழுதப் போகிறேன். நீளமாக வரும். தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு வந்து ஆறுதலாக இருங்கோ.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். குதிரையில் இருப்பவர் புனித ஜோர்ஜியார். காலுக்குக் கீழே கிடப்பது பறவைநாகம். 13ஆம் நூற்றாண்டில் இத்தாலியத் துறவி ஒருவர் தொகுத்த புனிதர் கதைகளில் இது விரிவாக வருகிறது. லிபியாவில் ஒரு பட்டினம், பக்கத்தில் ஒரு ஏரி, ஏரிக்குள் அந்த நாகம். நாளாந்தம் ஆடு குடுத்தார்கள். ஆடு முடியவும் சீட்டுப் போட்டுப் பிள்ளைகளைக் குடுத்தார்கள். ஒரு நாள் சீட்டு ராசாவின் மகளுக்கு விழுந்தது. அந்த வழியால் குதிரையில் வந்த ஜோர்ஜியார் நாகத்தை ஈட்டியால் குத்தினார். இனித்தான் பலருக்குத் தெரியாத இடம். அந்தக் குத்தில் அது சாகவில்லை. இளவரசியின் இடைக்கச்சையைக் கழற்றி அதன் கழுத்தில் கட்டச் சொல்கிறார். அது நாய்க்குட்டி மாதிரி அவளுக்குப் பின்னால் பட்டினத்துக்குள் நடந்து வருகிறது. சனம் பயந்து ஓடுகிறது. ஊர் முழுக்க மதம் மாறச் சம்மதித்த பிறகே அதை வெட்டுகிறார்.

ஆகக் கதைக்குள் குறைந்தது நாலு காட்சி இருக்கிறது. இளவரசி காத்து நிற்பது, ஈட்டிக் குத்து, கச்சையில் கட்டி நடத்துவது, கடைசி வெட்டு. காசு செய்கிறவனுக்கு ஒரு காட்சிக்குத்தான் இடம். பவுணின் விட்டம் 22 மில்லிமீற்றர், தடிப்பு ஒன்றரை மில்லிமீற்றர் அளவு. இந்த வட்டத்துக்குள் எந்தக் கணத்தை நிறுத்துவது? ஒரே கதையைச் செதுக்கிய வெவ்வேறு காசுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறபோது நான் தேடுவது அதைத்தான்.

நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிற குதிரையைச் செதுக்கியவர் பெனடெற்றோ பிஸ்ட்ரூச்சி. ரோமில் 1783இல் பிறந்தவர், 1815இல் லண்டனுக்கு வந்தவர். நாணயசாலைக்காரர் இல்லை, கல்லில் உருவம் வெட்டுகிற கமியோக் கலைஞர். நெப்போலியன் போர் முடிந்து, 1816இல் பிரித்தானியா தன் காசு முழுவதையும் மாற்றி அடிக்கத் தொடங்கியது. அடுத்த வருசம் வந்தது 20 சில்லிங் பெறுமதியான புதுத் தங்கக்காசு: நிறை 7.98 கிராம், 22 கரட். இன்றைக்கும் நாங்கள் 8 கிராமை ஒரு பவுண் என்று கணக்குப் பார்ப்பது அந்த நிறையை வைத்துத்தான்.

இந்த இடத்தில் ஊர்க்கதை ஒன்று. பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்கு ஏறிப் போகிறபோது, மான்கள் மேய்கிற பக்கமாக, வெலிங்டன் தங்கினாராம் என்று காட்டுகிற பழைய வீடு இருக்கிறதல்லவா? அவர் அப்போது வெறும் கேர்ணல் ஆதர் வெல்ஸ்லி. 1800ஆம் ஆண்டு முடிவில் படை திரட்டத் திருமலைக்கு வந்தார். அவருடைய மூத்த சகோதரர் வில்லியம் வெல்ஸ்லி போல். 1817இல் லண்டன் நாணயசாலையின் தலைவர் அவர்தான், பிஸ்ட்ரூச்சிக்கு வேலை குடுத்தவரும் அவர்தான். தன் பேரின் முதலெழுத்துகளையும் காசில் பொறிக்க விட்டுவிட்டார். பழைய பவுண்களில் பிஸ்ட்ரூச்சியின் "பி.பி." என்ற எழுத்துகளோடு "டபிள்யூ.டபிள்யூ.பி." என்ற பொடி எழுத்துகளும் இருக்கும், பூதக்கண்ணாடி வேணும். அதிகாரிக்குத் தன் பேர் தங்கத்தில் வரவேணும் என்ற ஆசை எந்தக் காலத்திலும் உள்ளதுதான்.

சரி, குதிரைக்கு வருவோம். அது பின்னங்காலில் எழும்பி நிற்கிறது. சேணம் இல்லை, மிதிபடி இல்லை. ஜோர்ஜியாரின் தலையில் கவசம், தோளில் காற்றுக்குப் பறக்கிற போர்வை. மற்றப்படி உடம்பில் துணி என்று சொல்ல அதிகம் இல்லை. கிறிஸ்தவப் புனிதரைப் பிஸ்ட்ரூச்சி ஒரு கிரேக்க வீரனாகவே செய்துவிட்டார். பார்த்தனன் கோயிற் சிற்பங்களை பிரித்தானிய அரசு 1816இல்தான் விலைக்கு வாங்கியது, லண்டன் முழுக்க அந்தக் குதிரைகளைப் பற்றிப் பேச்சு. அந்தக் குதிரைகளின் சாயல் இதில் இருக்கிறது என்று பலர் எழுதியிருக்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஜோர்ஜியாரின் உடம்புக்கு மாதிரியாக நின்றது லெஸ்ரர் சதுக்கத்து ஹொட்டேல் ஒன்றில் வேலை செய்த இத்தாலிய வெயிற்றர் என்று ஒரு கதையும் உண்டு. உண்மையோ பொய்யோ, எனக்குப் பிடித்த கதை.

1817இல் வந்த முதற்காசில் சுற்றிவர ஒரு பட்டி, அதில் அரச விருதின் வாசகம். ஜோர்ஜியாரின் கையில் உடைந்த ஈட்டியின் அடித்துண்டு. வாள் இல்லை. 1821இல் பட்டியைக் கழற்றினார்கள், கையில் ஒரு கட்டை வாளைக் குடுத்தார்கள். இந்தச் சின்ன மாற்றம் பெரிய மாற்றம் என்பேன். உடைந்த ஈட்டியோடு இருக்கிறவன் அடித்து முடித்தவன், அல்லது அடி பிழைத்தவன். வாளோடு இருக்கிறவன் இனி அடிக்கப் போகிறவன். நிலத்தில் ஈட்டித்துண்டு கிடக்கிறது, அது முடிந்துபோன கணம். கை பின்னால் போயிருக்கிறது, வாள் இன்னும் படவில்லை, அது வரப்போகிற கணம். நாகம் சரிந்து கிடந்தாலும் வாயைத் திறந்தபடி உயிரோடு கிடக்கிறது. இரண்டு கணத்துக்கும் நடுவில் குதிரை நிற்கிறது.

வாள் கட்டை என்று குறை சொல்லலாம். மிதிபடி இல்லாமல் அந்த வாளை வீசினால் ஆள் குதிரையால் விழுவான் என்றும் சொல்லலாம். இரண்டும் சரி. ஆனால் வாளை நீட்டி நாகத்தின் உடம்பில் முட்டவிட்டுப் பாருங்கோ, படம் அங்கேயே செத்துவிடும். கிட்டத்தட்ட 200 வருசமாகப் பார்க்கச் சலிக்காமல் இருப்பதற்கு அந்த எட்டாத இடைவெளிதான் காரணம் என்பது என் துணிபு.

சூரன்போர் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது விளங்காத விசயமில்லை. கந்தசஷ்டியின் ஆறாம் நாள் வில்லூன்றிக் கந்தசுவாமி கோயிலடியில் சனம் நெருக்கிக்கொண்டு நிற்பது எதற்கு? சூரன் தோற்பான் என்று எல்லோருக்கும் தெரியும். யானைமுகம் போகும், சிங்கமுகம் வரும், அதுவும் போகும். சூரனைத் தோளில் சுமக்கிற பெடியள் அவனை முன்னும் பின்னும் ஓடவிட்டு ஆட்டுகிற ஆட்டம்தான் எங்களுக்கு வேணும். வேல் பட்டவுடன் கூட்டம் கலைந்துவிடும். முடிவில் சூரன் சேவலாகவும் மயிலாகவும் முருகனோடேயே சேர்ந்துவிடுகிறான். ஜோர்ஜியார் கதையில் கச்சையில் கட்டுண்டு நடந்து வருகிற நாகத்தை எனக்கு அதனால்தான் பிடிக்கும். அந்தக் காட்சியை ஒருவரும் பவுணில் போடவில்லை. இளவரசியைக்கூடப் பிஸ்ட்ரூச்சி விட்டுவிட்டார். இடம் இல்லை என்பது ஒரு காரணம். அவள் நின்றால் கண் அவளிடம் போகும் என்பது மற்றக் காரணமாக இருக்கலாம்.

மாமல்லபுரம் போனவர்களுக்கு இன்னொரு ஒப்பீடு. மகிடாசுரமர்த்தினி குகையில் கொற்றவை சிங்கத்தில் ஏறி வில் வளைத்து வருகிறாள். எருமைத்தலையன் கதையைப் பிடித்தபடி பின்னுக்குச் சரிகிறான், ஆனால் இன்னும் நிற்கிறான். அதே ஊரில் திரிமூர்த்தி குகையிலோ வெட்டுண்ட எருமைத்தலைக்கு மேல் அவள் அமைதியாக நிற்கிறாள், சண்டை முடிந்துவிட்டது. முதலாவது சண்டைக்கான சிற்பம், இரண்டாவது கும்பிடுவதற்கான சிற்பம். இரண்டையும் ஒரே பல்லவர் காலத்துக் கைகள்தான் செய்தன. இரண்டில் எது நல்லது என்ற கேள்வியே வராது, தேவை வேறு.

இந்தக் கண்ணோடு பழைய இந்தியக் காசுகளைப் பாருங்கோ. எங்கட பக்கத்துக் காசுகளில் காட்சியைவிடச் சின்னந்தான் அதிகம். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் சேதுக்காசில் நந்தி படுத்திருக்கும், கீழே "சேது" என்று எழுத்து. சோழர் காசில் புலி, மீன், வில். பார்த்தவுடன் யாருடைய காசு என்று தெரிய வேணும், அவ்வளவுதான். கோயில்களில் வைத்துக் கும்பிட்ட ராமர் டங்காவில் பட்டாபிசேகக் காட்சி முழுசாக வரும். ஆனால் அது கடையில் மாற்றுகிற காசில்லை, அதிலும் எல்லோரும் அசையாமல் இருப்பார்கள்.

அசைவு வேணுமென்றால் குப்தரிடம் போக வேணும். 5ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஆண்ட முதலாம் குமாரகுப்தனின் தங்கக்காசு ஒன்றில் ராசா குதிரையில் இருந்தபடி முன்னுக்குச் சாய்ந்து, வாளை ஓங்கி, காண்டாமிருகத்தை வெட்டப் போகிறான். காண்டாமிருகம் வாயைத் திறந்து தலையைத் திருப்புகிறது. குதிரைக்காரன், வாள், கீழே மிருகம்! பிஸ்ட்ரூச்சிக்கு ஆயிரத்து முந்நூறு வருசத்துக்கு மேல் முந்திய காசு. நிறையும் ஏறக்குறைய ஒரு பவுண். ராஜஸ்தானின் பயானாவில் 1946இல் கிடைத்த புதையலில் ஆயிரத்து எண்ணூறுக்கு மேல் குப்தர் தங்கக்காசுகள் இருந்தன, இந்த வகையும் அதில் உண்டு. நான் பார்த்தது படத்தில்தான், அதில் பார்த்தே வாயைப் பிளந்தேன்.

இரண்டையும் ஒப்பிட்டால் ஒரு வித்தியாசம் உடனே தெரியும். குப்தர் காசில் மிருகம் எழும்பி நிற்கிறது, எதிர்க்கிறது. வேட்டை இன்னும் எந்தப் பக்கமும் சாயலாம். பிஸ்ட்ரூச்சியின் நாகம் ஏற்கெனவே குளம்புக்குக் கீழே. துணிச்சலில் குப்தர் காலத்துச் செதுக்கன் ஒரு படி மேலே நிற்கிறான் என்பேன். அதே குமாரகுப்தன் முருகனின் பேரைத் தனக்கு வைத்துக்கொண்டவன், மயிலேறிய கார்த்திகேயனையும் ஒரு தங்கக்காசில் போட்டான். அதில் சூரன் இல்லை, சண்டை இல்லை. மறுபக்கத்தில் ராசா மயிலுக்குத் தீனி குடுத்துக்கொண்டு நிற்கிறான். சண்டைக் காட்சியை ராசா தனக்கென்று எடுத்துக்கொண்டு சாமியைச் சும்மா இருக்க விட்டிருக்கிறான்.

துறைமுகத்து ஆள் என்ற முறையில் எனக்குத் தனி விருப்பமான ஜோர்ஜியார் காசுகளும் உண்டு. இங்கிலாந்துக் காசில் அவர் நாகத்தைக் கொல்கிற காட்சி முதலில் வந்தது எட்டாம் ஹென்றியின் காலத்தில், 1526இல். அந்தத் தங்கக்காசின் ஒரு பக்கம் குதிரையும் நாகமும், மற்றப் பக்கம் பாய்மரக் கப்பல். செதுக்கல் முரடு, குதிரை மரக்குதிரை மாதிரி. என்றாலும் கப்பலையும் குதிரையையும் ஒரே காசில் வைத்தவனுக்கு ஒரு கும்பிடு. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இன்றைய சிலோவாக்கியாவில் உள்ள கிரெம்னிற்சாவில் அடித்த ஜோர்ஜியார் பதக்கங்கள் இன்னும் விசேசம். ஒரு பக்கம் அவர் நாகத்தைக் குத்துகிறார். மறுபக்கம் புயலுக்குள் அகப்பட்ட வள்ளம், உள்ளே இயேசு நித்திரை, சீடர்கள் பயந்து போயிருக்கிறார்கள். புயலில் பாதுகாப்பு என்று லத்தீனில் எழுதியிருக்கும். போர்வீரரும் மாலுமிகளும் இதைக் காப்பாக உடம்பில் வைத்திருந்தார்கள். கடலுக்குப் போகிறவன் கழுத்தில் அந்தோனியார் பதக்கம் பார்த்துப் பழகிய எங்களுக்கு இது புதினமில்லை. இந்த வகையில் கலை எனக்கு இரண்டாம் பட்சம். புயல், நாகம் என்று இரண்டு பயத்தையும் ஒரே துண்டு உலோகத்தில் முதுகோடு முதுகாக ஒட்டிய அந்த யோசனைதான் என்னைப் பிடித்தது.

ஜோர்ஜியாரின் சிலுவை எங்கட குடாவுக்கு மேலேயும் பறந்ததுதான். பிரித்தானியக் கடற்படையின் வெள்ளைக் கொடியில் இருக்கிற சிவப்புச் சிலுவை அவருடையது. 1957 ஒக்ரோபரில் திருமலைத் தளத்தை அவர்கள் கையளித்துவிட்டுப் போனார்கள். அதே 1957இல் லண்டனில் எலிசபெத் ராணியின் தலையோடு பவுண் அடிப்பதைத் திரும்பத் தொடங்கினார்கள், பிஸ்ட்ரூச்சியின் அதே குதிரையோடு. ஒன்றுக்கும் மற்றதுக்கும் தொடர்பு இல்லை. திரும்ப அடித்ததற்கு ஒரு காரணம், அந்த வருசங்களில் ஐரோப்பாவிலும் மத்திய கிழக்கிலும் கள்ளப் பவுண்கள் பெருகிவிட்டது.

இடையில் குதிரையை மாற்றிப் பார்க்கவும் செய்தார்கள். 1825இலேயே பிஸ்ட்ரூச்சியின் படத்தைத் தூக்கிவிட்டுக் கேடயச் சின்னம் போட்டார்கள். 1871இல் குதிரை திரும்பி வந்தது. 1935இல் ஐந்தாம் ஜோர்ஜின் வெள்ளிவிழாவுக்கு அடித்த வெள்ளிக் கிரவுண் காசில் பேர்சி மெற்காஃப் புதுப்பாணியில் ஒரு ஜோர்ஜியாரைச் செய்தார். கோடுகள் எல்லாம் நேர், குதிரை விறைப்பு, வீரன் கம்பி மாதிரி நிமிர்ந்து இருக்கிறான். சனம் அதற்கு ஆடுகுதிரை என்று பட்டம் வைத்தது. பகிடி பண்ணினார்கள் என்றாலும் எனக்கு அந்தக் காசில் மரியாதை உண்டு, அந்தக் காலத்துச் சுவரொட்டிகளின் மொழியைக் காசுக்குள் கொண்டுவர அவருக்குத் துணிவு இருந்தது. ஆனால் அதில் கணம் இல்லை. இவன் நாகத்தைக் கொல்லப் போகிறானா, கொன்றுவிட்டானா, படத்துக்கு நிற்கிறானா என்று தெரியாது.

2005இல் ரிமொதி நோட் பவுணுக்குப் புதிய குதிரை வரைந்தார். அவர் அரச வம்சச் சின்னங்கள் எழுதுகிற ஓவியர், படமும் அப்படியே இருக்கிறது: அழகு, ஒழுங்கு, கொடியில் போடலாம். 2012இல் ராணியின் வைரவிழாவுக்கு போல் டே என்ற சிற்பி ஒன்று செய்தார். லண்டன் சென் பாங்கிராஸ் ரயில் நிலையத்தில் கட்டிப்பிடித்து நிற்கிற அந்தப் பெரிய சோடிச் சிலை அவருடையதுதான். ஒன்பது மீற்றர் சிலை செய்த கை 22 மில்லிமீற்றருக்குள் திணறுகிறது என்பது என் அபிப்பிராயம், சேகரிப்பாளர் பலர் இதற்கு என்னோடு சண்டைக்கு வருவார்கள். இரண்டும் ஒவ்வொரு வருசத்தோடு சரி. அடுத்த வருசமே பழைய குதிரை வந்துவிட்டது. 2017இல் 200ஆவது ஆண்டுக்கு, பட்டியோடும் உடைந்த ஈட்டியோடும் 1817இன் முதற் படத்தையே திரும்ப அடித்தார்கள். நோட்டின் 2005ஐயும் இந்த 2017ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. கழுவித் துடைத்த வீட்டுக்கும் சனம் புழங்குகிற வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

இனி எங்கட வீட்டுக் காசு. எங்கள் பக்கத்தில் தாலிக்கொடியில் தாலிக்கு இரண்டு பக்கமும் பவுண்காசு கோர்ப்பது வழக்கம். ராணியோ ராசாவோ வெளியில் பார்ப்பார், குதிரை நெஞ்சோடு கிடக்கும். வருசக்கணக்காக வியர்வையிலும் சட்டைத் துணியிலும் உரசி முதலில் தேய்வது குதிரைப் பக்கம். அம்மம்மாவின் கொடியில் இருந்த காசில் ஜோர்ஜியாரின் முகம் முழுக்கப் போய்விட்டது, கடிவாளம் போய்விட்டது, நாகத்தின் செட்டை வெறும் மேடு. ஆனால் கையின் வீச்சும் குதிரையின் வயிற்று வளைவும் அப்படியே இருக்கின்றன. தேய்ந்த பிறகும் காட்சி விளங்குகிறது. கமியோக்காரனின் கணக்கு அதுதான், முதலில் வெளிக்கோடு, நுணுக்கம் பிறகு. நோட்டின் காசைக் கழுத்தில் போட்டு இத்தனை வருசம் தேய்த்தால் என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

சேகரிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வளையம் ஒட்டிய காசுக்குத் தங்கத்தின் விலைதான் கிடைக்கும், சேகரிப்பு விலை கிடைக்காது. பத்தரிடம் குடுத்து வளையத்தைக் கழற்றி மினுக்கினால் இன்னும் மோசம். கொடியில் இருப்பது இருந்தபடியே இருக்கட்டும். ஒட்டாத காசு கையில் இருந்தால் தராசில் வையுங்கோ, 7.98 வர வேணும். பிறகு பூதக்கண்ணாடியால் நாகத்தின் செட்டையையும் குதிரையின் கடிவாளத்தையும் பாருங்கோ. கள்ளக்காசில் தங்கம் சரியாக இருக்கலாம், ஆனால் அந்தக் கோடுகள் உருகின மாதிரி வழவழவென்று இருக்கும். இன்னொன்று, 1918 என்று வருசம் இருந்தால் அவசரப்பட்டு விற்காதேங்கோ. வருசத்துக்கு மேலே, நிலக்கோட்டின் நடுவில், "ஐ" என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா என்று பாருங்கோ. அது பம்பாயில் அடித்தது. லண்டன் நாணயசாலையின் கிளை பம்பாயில் அந்த ஒரு வருசம்தான் பவுண் அடித்தது, கிட்டத்தட்ட 13 இலட்சம். அச்சு வந்து சேரும் வரைக்கும் அதே நிறையில் 15 ரூபா மோகரும் அடித்தார்கள், அதில் குதிரை இல்லை. பம்பாயில் அடித்த குதிரை யாருடைய பெட்டகத்திலாவது இருந்தால் எனக்கு எழுதுங்கோ. படம் அனுப்பினால் போதும், காசு வேண்டாம்.